விசிலடித்தால் உடனே அழைத்து வரவும்

சந்தோஷமாக இருக்கிற மனுஷனைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுக்கிற தொழில் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று போலீஸ். இன்னொன்று நான் பார்த்தது.

மதுரையில் மனநல மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டு, மனசின் ஏற்ற இறக்க நோய்களுக்கென்றே தனியாக ஒரு சிறப்புப் பயிற்சிக்காகத் தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லிக்குப் போனேன். இரண்டு வருஷம். பாதி நாள் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், மீதி நாள் ஆராய்ச்சி செய்ய வேண்டும். நோயாளிகள் எங்களை ஆராய்ச்சிக்காரர்கள் என்று நினைத்துப் பயந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் எங்களை மாத்திரை எழுதுகிறவர்கள் என்று நினைத்து ஒதுக்கினார்கள். படித்து முடித்த பிறகும் பயிற்சி என்ற பெயரில் யார் முன்னாலாவது கைகட்டி நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே பெஞ்சு. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், சொல்கிறேன்.

இன்னும் என்ன படிப்பு?

சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் ஒரு கும்பகோணத்து மாமி வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. மாமா ஏதோ ஒரு அமைச்சகத்தில் இருந்தார். எந்த அமைச்சகம் என்று கேட்டால் மாமியே யோசித்துத்தான் சொல்வார். போன அன்றைக்கே மாமி என்னை நிற்க வைத்து விசாரித்தார். எம்.பி.பி.எஸ். முடித்தேன் என்றேன், தலையாட்டினார். எம்.டி. முடித்தேன் என்றேன், அதற்கும் தலையாட்டினார். இப்போது இன்னும் இரண்டு வருஷம் பயிற்சி என்றதும் தலை நின்றுவிட்டது.

இது தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற இடம், நாடு முழுவதிலிருந்தும் ஒரு சிலரைத்தான் எடுக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி என்று முடிந்தவரை பெருமையாக விளக்கினேன். மாமி கையிலிருந்த காபி டம்ளரை என்னிடம் நீட்டி, குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையோடு கேட்டார்: "என்கிட்ட மறைக்காதேடி, ஏதாவது அரியர்ஸ் இருக்கா?"

நடிப்பு

எங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே நோயாளியை நாலு டாக்டர்கள் பார்த்தால் நாலு பேரும் ஏறக்குறைய ஒரே மார்க் போட வேண்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை உண்டா, நம்பிக்கை உண்டா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மார்க். கூட்டினால் சோகத்தின் அளவு வந்துவிடும். பழகுவதற்கு நோயாளி கிடைக்காத நாட்களில் எங்களில் ஒருவரே நோயாளியாக உட்கார்ந்து நடிக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு நாள் என் முறை வந்தது. அந்த மாதம் முழுக்க டெல்லியில் பனிமூட்டம். சூரியனை நான் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. என்னோடு பயிற்சியில் இருந்த குர்மீத் என்ற பஞ்சாபி டாக்டர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டான். பொய்யாக ஒரு கதையை யோசித்து அதை ஆங்கிலத்தில் சொல்லிக் கோர்வையாகக் கொண்டுபோக எனக்குச் சோம்பலாக இருந்தது. அதனால் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். விடியும் முன்னாலேயே முழிப்பு வந்துவிடுகிறது. ராஜ்மாவைப் பார்த்தாலே பசி ஓடிவிடுகிறது. நேற்று பஸ்ஸில் யாரோ ஒருத்தர் மகளிடம் தமிழில் "பாத்து இறங்கும்மா" என்றதைக் கேட்டு அழுதுவிட்டேன். எல்லோரும் மார்க்கைக் கூட்டினார்கள். நாலு பேருக்கும் ஒரே விடை, மருந்து கொடுக்க வேண்டிய அளவு சோகம். பேராசிரியைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். குர்மீத் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னான்: "அரே வா! கண்ணுல தண்ணியெல்லாம் வரவழைச்சியே, நீ சினிமாவுக்குப் போயிருக்கணும்!"

கொஞ்சம் கம்மியாக நல்லவர்

தணிகாசலத்தை முதலில் பார்த்தபோது அவர் என்னைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். ஆர்.கே.புரத்தில் குடியிருந்த வேலூர்க்காரர். மத்திய அரசில் அசிஸ்டென்ட். நாற்காலியில் உட்கார மறுத்து, என் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டால் காற்று வரும் என்று சொல்லிக்கொண்டே திருப்பியும் போட்டுவிட்டார். எங்கள் பேராசிரியை ஒரு வங்காளி அம்மா, நாங்கள் மேடம் என்போம். அவரைப் பார்த்ததும் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வரவேண்டும் என்று அழைத்தார். என்னை வரவேற்புரை ஆற்றச் சொன்னார். குர்மீத்துக்கு ஒரு நாடகத்தில் அசுரன் வேஷம் கொடுத்தார்.

கூட வந்திருந்த மனைவி வசந்தாதான் நடந்ததைச் சொன்னார். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. ஆபீஸிலிருந்து வரும்போது பஸ்ஸில் கூட வந்தவர்களையெல்லாம் சாப்பிட அழைத்து வருகிறார். மேலதிகாரியின் அறைக்குப் போய் அவருடைய வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றைக்குக் காலையில் ரிங் ரோட்டின் நடுவில் நின்று போக்குவரத்தைச் சரிசெய்திருக்கிறார், ஒரு பஸ்ஸிடமிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறார். இதற்கு முன்னால் ஒரு தடவை இப்படித்தான் ஆகி, பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாராம். இன்னொரு தடவை ஆனால் வேலை போய்விடும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும், பதினொன்றாவது படிக்கிற மகள் இருக்கிறாள். இத்தனையும் சொல்லிவிட்டு, புருஷனைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று வசந்தாவுக்கே சங்கடமாகிவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவர் ரொம்ப நல்லவருங்க டாக்டரம்மா, கொஞ்சம் கம்மியா நல்லவரா இருந்தாப் போதும்."

அடையாளம்

லித்தியம் கொடுத்தோம். அது ஒரு வகை உப்பு. ஏறுகிற மனசையும் இறங்குகிற மனசையும் ஒரு மட்டத்தில் பிடித்து வைக்கும். சில வாரத்தில் தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மேஜையைப் பார்த்து, "இதை யாரு இப்படித் திருப்பிப் போட்டது?" என்று கேட்டார்.

மேடத்தின் பயிற்சியில் முக்கியமான பாடம் இதற்குப் பிறகுதான். நோயாளி தெளிவாக இருக்கும்போது குடும்பத்தோடு உட்கார வைத்துக் கேட்க வேண்டும்: உங்களுக்கு ஏறப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம் என்ன? ஒருத்தர் செருப்பைத் துடைக்க ஆரம்பிப்பார், ஒருத்தி விட்டுப்போன சிநேகிதிகளுக்கெல்லாம் போன் போடுவாள். ஆளுக்கு ஆள் வேறு. அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அந்த அடையாளம் தெரிந்தால் வீட்டார் கூப்பிட்டதும் மறு பேச்சு பேசாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று வாக்கும் வாங்க வேண்டும்.

தணிகாசலம் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு வெட்கத்தோடு, "படியேறும்போது விசிலடிப்பேன்" என்றார். அவர்கள் வீடு மூன்றாவது மாடி. வசந்தா உடனே ஆமோதித்தார். இரண்டு தடவையும் அப்படித்தான் ஆரம்பித்தது, கீழ்ப்படியில் தொடங்கினால் மேலே அடுப்படிக்குக் கேட்குமாம். மற்றபடி அவர் விசிலடிக்கிற ஆளே இல்லையாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடத்தில் வருவதுபோல இவ்வளவு சுத்தமான ஓர் அடையாளம் எங்கள் வகுப்பில் யாருக்கும் கிடைத்ததில்லை. தணிகாசலம் வாக்குக் கொடுத்தார், முருகன் மேல் ஆணையாக. வசந்தா மட்டும் எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்: "அப்ப இவரு விசிலடிச்சா நான் பயந்துக்கணும், அவ்வளவுதானே டாக்டரம்மா?"

செயலாளரின் வேண்டுகோள்

அந்த வருஷக் கடைசியிலேயே அந்த அடையாளம் வேலை செய்தது. மாத்திரையை இரண்டு வாரம் விட்டிருக்கிறார். ஒரு நாள் படியில் விசில். வசந்தா அன்றைக்கே அழைத்து வந்துவிட்டார். ரிங் ரோடு வரைக்கும் போகவில்லை, ஆபீஸுக்குத் தெரியவில்லை, ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. மேடம் அதை மற்ற டாக்டர்கள் முன்னால் என்னை விட்டுச் சொல்லச் செய்தார். கை தட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் உருப்படியாக ஏதோ செய்தேன் என்று நினைத்த நாள் அது.

ஆனால் எல்லோரும் கை தட்டவில்லை. தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் சுந்தரேசன் என்னைத் தேடி வந்தார். பொங்கலை ஒட்டி நடக்கிற சங்க ஆண்டு விழாவை வருஷா வருஷம் எடுத்து நடத்துவது தணிகாசலம்தானாம். மேடை போடுவதிலிருந்து, கதாநாயகி வரவில்லையென்றால் தானே புடவை கட்டுவது வரைக்கும். இந்த வருஷம் கூட்டத்துக்கு வருகிறார், ஓரமாக உட்காருகிறார், டீ குடிக்கிறார், போய்விடுகிறார். நாடகத்துக்கு ஆள் இல்லை, தோசைக்கு மாஸ்டர் இல்லை, பந்தல்காரன் போனை எடுக்கவில்லை. நோயைப் பற்றி நான் பொறுமையாக விளக்கினேன். சுந்தரேசன் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "அச்சா, அச்சா" என்றார். எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் நிம்மதியானபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்: "ஒரு ரிக்வெஸ்ட் டாக்டர், பொங்கல் விழா முடியறவரைக்கும் அந்த மாத்திரையை பாதியா குடுக்க முடியுமா?"

அரைக் கிலோ லட்டு

பயிற்சி முடிய ஒரு சில மாதமே இருந்தபோது, ஒரு ஜூலை மதியம் வசந்தாவும் அவருடைய அண்ணனும் தணிகாசலத்தை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவில் அவர், மடியில் ஒரு மிட்டாய்ப் பெட்டி. வசந்தா கையில் மாவு காய்ந்திருந்தது. "விசில்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். குர்மீத் ஊசி மருந்தை எடுத்து வைத்துக்கொண்டான்.

நான் கேள்விகளை ஆரம்பித்தேன். தூக்கம்? நன்றாக இருக்கிறது. மாத்திரை? விடவில்லை. வசந்தாவும் அதை ஒத்துக்கொண்டார், தினமும் அவரே எண்ணிக் கொடுக்கிறார். புதிய திட்டம் ஏதாவது? இல்லை. பேச்சில் வேகம் இல்லை. பெட்டியைப் பார்த்தேன், அரைக் கிலோ. முன்பு ஏறியிருந்தபோது அவர் மாடி மாடியாக எல்லா வீட்டுக்கும் இனிப்பு வாங்கியவர். ஏறிய மனசு அரைக் கிலோ வாங்காது என்று எனக்கே தோன்றியது. கடைசியாக, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"கவிதாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருச்சு" என்றார்.

மகள் கவிதா காய்ச்சலில் படுத்திருந்ததால் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கல்லூரிச் சுவரில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்க்க இவர் போயிருக்கிறார். பெயர் இருந்தது. லட்டு வாங்கினார், மூன்று மாடி ஏறினார். கதவைத் திறந்ததும் சொல்ல வேண்டும் என்று ஏறியவருக்கு, கதவு திறந்தபோது வீட்டுக்கு வந்திருந்த மச்சான் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருக்கிறார். ஆட்டோவில் சொல்ல வாயெடுத்தாராம். "பேசாம வாங்க மாப்ள, எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்" என்று மச்சான் கையைப் பிடித்துக்கொண்டாராம். அதிகமாகப் பேசுவதும் ஓர் அடையாளம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். வாக்குக் கொடுத்தவர் ஆயிற்றே, பேசாமலே வந்துவிட்டார்.

பெற்ற மகளுக்கு சீட் கிடைத்த செய்தியை வசந்தா என் அறையில், என் கேள்விக்கு வந்த பதிலாகத்தான் தெரிந்துகொண்டார். தலையில் கை வைத்து உட்கார்ந்து அழுதார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் குர்மீத் பெட்டியைத் திறந்து லட்டை எல்லோருக்கும் நீட்டினான், முதலில் தானே ஒன்றை எடுத்துக்கொண்டு. தணிகாசலத்துக்கு யார் மேலும் கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே விவரம் தெரிந்துகொள்ளக் கேட்கிற குரலில் கேட்டார்: "பொண்ணுக்கு சீட் கிடைச்சா ஒருத்தன் விசிலடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லிடுங்க டாக்டரம்மா."

மேடத்தின் கணக்கு

அந்தக் கேள்விக்குப் பதிலை நான் மேடத்திடம் கேட்டேன். விசிலை விட்டுவிட்டு வேறு அடையாளம் வைத்துக்கொள்ளலாமே, தூக்கம் குறைவது, அந்த மாதிரி ஏதாவது என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்பாகத்தான் பேசினார். தூக்கம் குறைவது தெரிவதற்குள் அவர் ரிங் ரோட்டுக்குப் போய்விடுவார். விசில்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது, ஒரு தடவை அது அவரைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஒரு மதியம் வீணானதற்காக அதைத் தூக்கிப் போடலாமா?

இன்றைக்கு வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன், அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து வரும்போது மேடம் ஆறுதலாகச் சொன்னார்: "பொய்யா மணி அடிச்சா நஷ்டம் ஒரு லட்டு, அடிக்காம விட்டா நஷ்டம் ஒரு மனுஷன், இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நேர்கோடு

பயிற்சியின் கடைசி மாதத்தில் எங்கள் நோயாளிகளை அடுத்து வருகிற டாக்டர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொருவருடைய மனசும் இரண்டு வருஷத்தில் எப்படி ஏறி இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டுவோம். மற்றவர்களுடைய கோடுகள் மலையும் பள்ளமுமாக இருந்தன. தணிகாசலத்தின் கோடு ஜூலைக்குப் பிறகு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி இருந்தது. மேடம் அதை எல்லோருக்கும் காட்டினார். மறுபடியும் கை தட்டினார்கள்.

கடைசித் தடவை வந்தபோது தணிகாசலம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். தூக்கம் சரி, பசி சரி, ஆபீஸ் சரி. கவிதா கல்லூரிக்குப் போகிறாளா என்று கேட்டேன், போகிறாள் என்றார். அவ்வளவுதான். வெளியே போகும்போது வசந்தாவிடம், வீட்டில் எப்படி என்று தனியாகக் கேட்டேன். நிம்மதியாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார், முகமும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல நின்றார்: "முன்னெல்லாம் அவரு செருப்புச் சத்தமாவது கேக்கும் டாக்டரம்மா, இப்ப கதவைத் தட்டுனாத்தான் வந்துட்டாருன்னே தெரியுது."

கல்யாணம்

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு மாநாட்டுக்காக டெல்லி போயிருந்தேன். அதே வாரம் ஆர்.கே.புரத்தில் கவிதாவின் கல்யாணம். என்னை எப்படியோ கண்டுபிடித்துப் பத்திரிகை அனுப்பியிருந்தார்கள். வேலை போகவில்லை, பிரமோஷன் வந்திருந்தது. மறுபடி ஒரு தடவைகூட ஏறவில்லை, சுவரைப் பார்த்துப் படுக்கவும் இல்லை. மாநாட்டில் நான் படித்த கட்டுரையிலே இப்படி ஒரு நோயாளி இருந்திருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மண்டபத்தில் ஓடியாடிக்கொண்டிருந்தது சுந்தரேசன்தான். வயதாகிவிட்டது, ஒவ்வொரு பந்திக்கும் மூச்சு வாங்கினார். பெண்ணைப் பெற்றவர் பட்டு வேட்டியோடு மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். யாராவது வந்தால் எழுந்து கும்பிட்டார், மறுபடி உட்கார்ந்தார். வசந்தா வந்தவர்களை வரவேற்றுக்கொண்டே, நிமிஷத்துக்கொரு தடவை அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. தாலி கட்டும்போது நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. கூட்டமே எழுந்து அட்சதை போட்டது. தணிகாசலமும் போட்டார், எண்ணிப் போடுகிறவர் மாதிரி, மெல்ல.

சாப்பாட்டுக்கு அவரே என்னை அழைத்துக்கொண்டு போனார். போகிற வழியில் லட்டு அடுக்கியிருந்த அறை வாசலில் நின்றார். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே கூப்பிட்டார். மாத்திரை பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். உதடு ஒரு கணம் குவிந்தது, சத்தம் வரவில்லை, உடனே கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னார்: "எனக்கு இன்னைக்கு ரொம்ப ரொம்ப சந்தோஷமா இருக்கு டாக்டரம்மா, வசந்தாகிட்ட சொல்லிடாதீங்க."

ஏறுகிற மனசை இறக்கவும் இறங்குகிற மனசை ஏற்றவும் அந்த இரண்டு வருஷத்தில் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தார்கள்; ஒரு மனுஷன் அரைக் கிலோ லட்டோடு விசிலடித்துக்கொண்டு மாடியேறி வரும்போது பேசாமல் கதவைத் திறந்துவிடுவது எப்படி என்பதுதான் பாடத்திட்டத்தில் விட்டுப்போயிற்று.